பண்ணைப்புரத்துப் பாவலர் குழு: ஒரு மதிப்பீடு

இளையராஜாவின் இசையைப் பற்றித் தமிழில் வந்துள்ள கட்டுரைகளில் பெரும்பாலானவை 1976ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அன்னக்கிளி’யில் தொடங்குகின்றன. அதற்கு முந்திய காலத்தைக் குறிப்பிட நேரும்போது, அண்ணன் பாவலர் வரதராஜனுடைய குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடித் திரிந்தார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்து விடுகின்றனர். பத்தாண்டுக் கால உழைப்புக்கு ஒரு வாக்கியம்! கனியைச் சுவைத்துப் புகழ்வோர் வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டுவதில்லை என்பது மெய்யே. ஆயினும் திறனாய்வு என்று பெயரிட்டுக்கொண்டு எழுதுவோர்க்கு அந்தச் சலுகை கிடையாது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அந்த ஒற்றை வாக்கியத்தைத்தான். பாவலர் சகோதரர்கள் என்னும் பெயரில் மேடையேறிய அக்குழு, எந்தச் சபாவையும் எந்தப் படக் கம்பெனியையும் நம்பியிராமல், ஓர் ஆர்மோனியத்தையும் சில தாளக் கருவிகளையும் சுமந்துகொண்டு தென்னாட்டைச் சுற்றி வந்த பாட்டுக் குழு. நாட்டுப்புறத்துப் பேச்சே அதன் இலக்கியம். பொதுக்கூட்ட மேடையே அதன் அரங்கு. இன்றைய இளைஞர் இத்தகைய குழுக்களைச் சுயாதீன இசைக்குழு என்று அழைக்கின்றனர். பெயர் புதிது, பொருள் பழையது.

அரபு இலக்கணம் கற்பிக்கும் உமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் வாசகரும் இருப்பர். கேட்பது நியாயமே. நாம் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பது ஒரு விடை. மற்றொரு விடை, நம் சமுதாயத்துப் பாட்டுகளின் நிலையையும் இக்குழுவின் கதை தொட்டுச் செல்கிறது என்பது. அது எவ்வாறு என்பதைப் போகப் போகக் காண்போம்.

கம்பம் பள்ளத்தாக்கு, மேற்கே சேர நாட்டு எல்லையாக நிற்கும் மலைத்தொடருக்கும் கிழக்கே மேகமலைக்கும் இடையே நீண்டு கிடக்கும் பசும் பூமி. 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, கிழக்கு நோக்கித் திருப்பப்பட்ட நீர் முல்லையாற்றின் வழியே வரத் தொடங்கிய பின்னர் இங்கு நெல்லும் தென்னையும் திராட்சையும் செழித்தன. ஆனால் நிலமில்லாதவன் நெல்லைப் பார்த்து வயிறு நிரப்ப இயலாது. அவன் குமுளி வழியாகவோ, கம்பம்மெட்டு வழியாகவோ, போடிமெட்டு வழியாகவோ மலையேறித் தேயிலைத் தோட்டத்திலும் ஏலக்காய்த் தோட்டத்திலும் கூலிக்கு நின்றான். கம்பம், உத்தமபாளையம் முதலிய ஊர்களில் வாழ்ந்த இராவுத்தர் குடும்பங்கள் பலவும் அந்த மலையோடு வணிகத் தொடர்பு கொண்டவையே. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹௌதியா கல்லூரி தோன்றியதை இவ்விடத்தில் நினைவுகூர்வது தகும். அதே ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் மொழிவழி மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்ந்தன. தமிழ் பேசும் கூலித் தொழிலாளர் வேறு மாநிலத்து வாக்காளர் ஆயினர்.

இப்பள்ளத்தாக்கின் ஒலிகள் பலதிறப்பட்டவை. வயலில் நடவுப் பாட்டு, வீட்டில் தாலாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி, கோயில் கொடையில் நையாண்டி மேளம், கிறித்தவர் குடியிருப்பில் வேதப் பாட்டு, நம் தெருவில் தாயிராவைத் தட்டிக்கொண்டு வரும் பக்கீரின் பாட்டு, கலியாண வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து பாடிய பாட்டு. ஒரே காற்று இவை எல்லாவற்றையும் சுமந்தது. பண்ணைப்புரம் என்னும் சிற்றூர் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் அண்மையில் மலையடிவாரத்தில் உள்ளது. அங்கே டேனியல் இராமசாமி என்பவரின் மக்களாகப் பிறந்தவர்கள் வரதராஜனும், பாஸ்கரும், 1943இல் பிறந்து இராசையா என்று அழைக்கப்பட்ட இளையராஜாவும், இளையவர் கங்கை அமரனும்.

மூத்தவர் பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டுப் பாவலர் ஆனார். தாமே பாட்டெழுதி, தாமே ஆர்மோனியம் வாசித்து, தாமே பாடினார். அவருடைய பெயரை மலைநாடு முழுதும் பரப்பியது 1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தல். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கேரளத்தில் பொதுவுடைமை அமைச்சரவை அமைந்திருந்தது. மிகச் சிறிய பெரும்பான்மையோடு தள்ளாடிக்கொண்டிருந்தது. தேவிகுளத்தில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸ் அம்மையாரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகவே, மீண்டும் வாக்கெடுப்பு. வேட்பாளர் மலையாள நாட்டு அம்மையார். வாக்காளரிற் பெரும்பாலோர் எழுத்தறியாத தமிழ்த் தொழிலாளர். இவ்விருவர்க்கும் நடுவே பாலம் போட ஒரு நாவு வேண்டியிருந்தது. அந்த நாவாக அமைந்தவர் பாவலர். அம்மையார் வென்றார், அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு என்று அவ்வியக்கத்தாரே சொல்லி வந்தனர்.

எம் தந்தையார் அந்நாளில் ஏலக்காய்த் தரகுத் தொழிலில் இருந்தவர். அரசியலில் பற்றற்றவர், பாட்டிலும் அத்தகையவரே. ஆயினும் அந்தத் தேர்தல் காலத்தில் மலைமேல் ஒரு கூட்டத்தில் நின்று பாவலரைக் கேட்டதாக எம்மிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். தூறல் விழுந்துகொண்டிருந்ததாம், குடை வைத்திருந்தவர்களும் விரிக்கவில்லையாம், விரித்தால் பின்னால் நிற்பவனுக்கு மேடை மறையும் என்று. “அந்த ஆள் பாட்டில் பாதி சிரிப்பு, பாதி வயிற்றெரிச்சல்” என்பார். பாவலரின் கலையைப் பற்றி நாம் கேட்ட திறனாய்வுகளுள் இதனினும் சுருக்கமானது இல்லை.

சிறுவன் இராசையா பதினான்காம் வயதில் இக்குழுவில் சேர்ந்தார். தொடக்கத்தில் பெண்குரலில் பாடுவது அவர் பங்கு. குரல் உடைந்ததும் ஆர்மோனியத்தின்முன் அமர்ந்தார். பின்னர்ச் சகோதரர் அனைவரும் சேர்ந்து ஒரே குடும்பக் குழுவாயினர். நகரத்து இசை அரங்கில் கேட்போர் நாற்காலியில் அமர்ந்து, காசு கொடுத்து வந்த கடனுக்காகவேனும் கடைசிவரை இருப்பர். பொதுக்கூட்டத்தில் அப்படியன்று. பாட்டுப் பிடிக்காவிடில் எழுந்து போய்விடுவான், அல்லது கல்லெறிவான். முதல் அடியிலேயே அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டாம் முறை பாடும்போது அவனே சேர்ந்து பாடுமாறு பல்லவி அமைய வேண்டும். ஒலிபெருக்கி கெட்டுவிட்டால் வெறுந்தொண்டையால் கடைசி வரிசையை எட்ட வேண்டும். பிற்காலத்தில் இளையராஜா மிக விரைவாக மெட்டமைப்பதைக் கண்டு வியப்போர், பத்தாண்டுகள் இந்த மேடையில் அவர் பெற்ற பயிற்சியை மறந்துவிடுகின்றனர்.

இனி, குறையைச் சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறோம்.

பாவலரின் பாட்டுகள் பெரும்பாலும் மக்கள் அறிந்திருந்த திரைப்பட மெட்டுகளின்மேல் கட்டப்பட்டவை. நேற்று கொட்டகையில் கேட்ட மெட்டு, இன்று மேடையில் கூலி உயர்வைப் பேசும். கேட்போனுக்கு மெட்டைப் புதிதாகக் கற்கும் தொல்லை இல்லை. சொல் மட்டும் புதிது. அதனால் சொல் நேரே நெஞ்சில் தைக்கும். இதனைக் குறைவாக மதிப்போர் உண்டு. இரவல் சட்டை என்பர். நாம் அவ்வளவு எளிதில் தள்ளிவிட ஒருப்படோம். அரபு இலக்கியத்தில் முஆரளா என்று ஒரு மரபு உண்டு. முன்னோர் ஒருவர் பாடிய கவிதையின் அதே யாப்பையும் அதே இயைபையும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதிய கவிதை பாடுவது. இமாம் பூஸரி (ரஹ்) அவர்களின் புர்தாவை அவ்வாறு பின்பற்றிப் பாடியோர் எண்ணற்றோர். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தியக் கவிஞர் அஹ்மத் ஷவ்கீ அதன் வழியிலேயே தம் புகழ்பெற்ற கவிதையை யாத்தார். அதனை எவரும் திருட்டு என்று சொல்லவில்லை. அச்சு பொது, வார்ப்பது யார், என்ன உலோகம் என்பதே கேள்வி.

நம் வீட்டுக்குள்ளேயே பார்ப்போம். இசைமுரசு நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களின் குரல் கேளாத தமிழ் முஸ்லிம் வீடு எது? 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அன்னார் அரசியல் மேடையிலும் மார்க்க மேடையிலும் ஒரே கம்பீரத்தோடு பாடியவர். நம் இஸ்லாமியப் பாட்டுகளில் எத்தனை இந்தித் திரை மெட்டுகளில் அமைந்தவை என்பதை மூத்தோர் அறிவர். மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டு எவரும் அப்பாட்டுகளை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. ஆகவே பாவலரை மட்டும் இரவல்காரர் என்பது நீதியன்று.

எனினும் முஆரளாவுக்கு ஓர் அபாயம் உண்டு. அதனை மரபே சொல்கிறது. பின்னர் வந்த கவிதை மூலத்தை மிஞ்ச வேண்டும். குறைந்தது அதனோடு தோள் ஒக்க நிற்க வேண்டும். இல்லையேல் நினைவு மூலத்துக்கே திரும்பிவிடும். இரவல் மெட்டுப் பாட்டின் கதியும் அதுவே. திரைப்படம் திரும்பத் திரும்ப ஓடும். வானொலி திரும்பத் திரும்ப ஒலிக்கும். மெட்டோடு பழைய சொற்களே மக்கள் காதில் ஏறிக்கொண்டிருக்கும். மேடைப் பாட்டோ அந்தத் தேர்தலோடு இறங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர் ஒருவரைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் அனுப்பி, பாவலர் பாட்டு எதுவும் நினைவிருக்கிறதா என்று கேட்கச் சொன்னோம். முதியவர் மகிழ்ந்து, கண்ணை மூடி, மெட்டைப் பிசகாமல் முனகினார். சொல் வரவில்லை. நெடுநேரம் முயன்ற பின் வந்தது, அந்த மெட்டுக்குரிய திரைப்படத்தின் காதல் பாட்டு. அவரே வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டாராம்.

இதற்கு எதிர்ச்சான்று வங்காளத்தில் உண்டு. சலில் சவுத்ரி அவர்களும் 1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மேடையில் போராட்டப் பாட்டுப் பாடியவரே. பின்னர்த் திரைக்கு வந்தவரே. ஆனால் அவர் மேடைக்கென்று எழுதிய பாட்டுக்கு மெட்டும் தாமே அமைத்தார். அவை வங்காளத்தில் இன்றும் பாடப்படுகின்றன. அதே சலில் சவுத்ரியிடம் இளையராஜா பிற்காலத்தில் கித்தார் வாசித்தார் என்பது இவ்விரு குழுக்களின் கதையை ஒரே அறையில் சந்திக்க வைத்த நிகழ்ச்சி.

பாவலரின் தம்பியர் இக்குறையை உணர்ந்தனரோ இல்லையோ, அவர்கள் நடந்த வழி அதனை உணர்ந்தவர் வழியாகவே தோன்றுகிறது. 1964இல் பண்டித நேரு மறைந்தபோது கவிஞர் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இளையராஜா தாமே மெட்டமைத்தார். அதுவே அவருடைய முதல் இசையமைப்பு என்பர். சொல் பிறருடையது, மெட்டு தம்முடையது. அண்ணனின் முறை அப்படியே தலைகீழாகிவிட்டது! எம் கருத்தில் அக்குழுவின் வரலாறு திரும்பிய இடம் இதுவே. தேவிகுளத்தையும் அன்னக்கிளியையும் அறிந்தோர் இதற்கு உரிய இடம் தருவதில்லை.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை, விரைந்து சொல்வோம். 1960களின் இறுதியில் சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டனர். தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்று, அதில் ஒரு காசும் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் மக்களிடம் கொடுத்தனுப்பினார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசைக் கல்வி, ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் பணி, பஞ்சு அருணாசலம் தந்த வாய்ப்பு, 1976இல் அன்னக்கிளி. தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977இல் ‘16 வயதினிலே’ எடுத்தபோது பள்ளத்தாக்கு முழுவதும் திரைக்கு இடம்பெயர்ந்தது போலாயிற்று. தம்பியர் எட்டிய உயரத்தை நின்று காண மூத்தவர் பாவலர் நெடுங்காலம் உயிரோடிருக்கவில்லை. பாஸ்கர் தயாரித்து 1981இல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ முதலிய படங்களில் ‘பாவலர் கிரியேஷன்ஸ்’ என்று அவர் பெயர் திரையில் முதலில் தோன்றும். பெயர் தங்கியது, பாட்டு?

அந்த வினாவைத்தான் நாம் கேட்க விரும்புகிறோம். நாட்டுப்புற இசை திரைக்கு வந்தது அன்னக்கிளியில்தான் என்று சொல்வது மிகை. அதற்கு முன்பே கே.வி.மகாதேவன் முதலியோர் அதனைத் தொட்டிருந்தனர். ஆனால் அதனை மையத்தில் நிறுத்தியவர் இளையராஜா என்பதில் ஐயமில்லை. நாற்று நடும் பெண்ணின் குரலும், தாலாட்டின் இழுப்பும், ஒப்பாரியின் விம்மலும், மேலைநாட்டு வயலின் கூட்டத்தோடு கூச்சமின்றிச் சேர்ந்து நின்றன. அது ஒரு பெரும் சாதனை. அதனை முழுமனத்தோடு பாராட்டிவிட்டு ஒன்றைச் சொல்கிறோம். நாற்று நடும் பெண் திரைக்கு வந்தாள். அவளுடைய கூலி வரவில்லை. மேடையில் அவள் தோட்ட முதலாளியைக் கேட்ட கேள்வி, திரையில் மாமனைத் தேடும் ஏக்கமாயிற்று. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் தம் இளவயதிலேயே மறைவதற்குள் திரைப்பாட்டுக்குள் உழைப்பாளியின் குரலைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஆகவே திரை அதற்கு இடமே தராது என்று சொல்வதற்கில்லை. 1989இல் கங்கை அமரன் இயக்கி, இளையராஜா இசையமைத்த ‘கரகாட்டக்காரன்’ ஊர் ஊராகச் செல்லும் ஓர் ஆட்டக் குழுவின் கதை. அப்படத்தைக் கண்டு நாமும் சிரித்தோம், பாட்டை ரசித்தோம். ஊர் ஊராகச் சென்ற ஒரு குழுவிலேயே வளர்ந்த இரு சகோதரர்கள் ஆக்கிய படம் அது. தேவிகுளத்து மழையில் நின்ற அந்தக் கூட்டம் அதில் எங்கே என்று தேடினோம், காணவில்லை.

இதற்குச் சகோதரர்களை மட்டும் குறை கூறுவது முறையன்று. தமிழ்நாட்டில் பாடத் தெரிந்தவனுக்குத் திரைப்படத்தைத் தவிர வேறு கதவு இருந்ததா? கட்சி மேடை புகழ் தரும், சோறு தராது. கிராமத்துக் கொடை ஆண்டுக்கு ஒரு முறை. திரைப்படமோ ஆறுகள் அனைத்தையும் விழுங்கும் கடல். அக்கடலில் கலக்காமல் நின்ற குழுக்கள் இல்லாமலில்லை. இளையான்குடி வட்டாரத்தில் பிறந்த கே.ஏ.குணசேகரன் (1955–2016) ‘தன்னானே’ என்னும் குழுவை அமைத்து மக்கள் பாட்டை மேடையிலேயே நிறுத்தி வளர்த்தார். அவர் தம் வாழ்க்கையை எழுதிய ‘வடு’ என்னும் நூலில், சாதியின் கொடுமைக்கு நடுவே முஸ்லிம் மக்களிடத்தில் தாம் கண்ட வேறுபட்ட பழக்கத்தையும் பதிந்து வைத்திருக்கிறார். நம் வாசகர் தேடிப் படிக்கவேண்டிய நூல்.

மற்றொரு குழுவையும் இங்கு நினைக்கிறோம். மொராக்கோ நாட்டுக் காஸாபிளாங்கா நகரில், ஹய் முஹம்மதி என்னும் தொழிலாளர் குடியிருப்பில், 1970ஐ ஒட்டித் தோன்றிய ‘நாஸ் அல்-கிவான்’ என்னும் குழு அது. அல்-அரபி பாத்மா, பூஜுமா, உமர் ஸய்யித் முதலிய இளைஞர் நாடகக் குழு ஒன்றில் பயின்று, பின்னர்ப் பாட்டுக்கென்று தனியே திரண்டனர். எகிப்திலிருந்து வந்த நீண்ட காதல் பாட்டுகள் அரபு நாடெங்கும் கோலோச்சிய காலம். இவர்கள் தம் பாட்டியர் பேசிய கொச்சை அரபியில், சூஃபித் தரீக்காக்களின் கூட்டங்களில் ஒலித்த பந்தீர் என்னும் தோற்கருவியையும், கருப்பின மக்களின் குனாவா இசைக்குரிய மூன்று நரம்புக் கருவியையும், அவற்றோடு மேலைநாட்டுப் பாஞ்சோவையும் சேர்த்துக்கொண்டு, வறுமையையும் ஊர்விட்டுப் போன மனிதனின் தவிப்பையும் பாடினர். 1974இல் பூஜுமா மறைந்தார், குழு கலையவில்லை. 1981இல் அஹ்மத் அல்-மஅனூனி அவர்களைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்தார். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி தாம் அமைத்த உலகத் திரைப்பட நிறுவனத்தின் முதற் பணியாக 2007இல் அப்படத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார். 1982இல் பெய்ரூத்தில் ஸப்ரா, ஷத்தீலா முகாம்களில் பாலஸ்தீனர் கொல்லப்பட்டபோது அதனையும் பாட்டாக்கினர்.

பண்ணைப்புரத்துக் குழுவும் காஸாபிளாங்காக் குழுவும் ஒரே வகை மண்ணில் முளைத்தவை. ஒன்று மரமாக நின்றது. மற்றொன்று ஒரு பெருமரத்துக்கு உரமாயிற்று. வேறுபாடு எங்கே? திறமையில் அன்று. மொராக்கோவில் பாட்டு, படத்தின் வால் அன்று. ஒலித்தட்டும் ஒலிநாடாவும் பாட்டைப் பாட்டாகவே விற்றன. குழு தன் பெயரோடு வீட்டுக்குள் நுழைய வழி இருந்தது. இவையெல்லாம் புறக்காரணங்கள். அகக்காரணம் முன்னர்ச் சொன்னதே: அவர்கள் சொல்லையும் மெட்டையும் தம் மண்ணிலிருந்தே எடுத்தனர். இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரிய இயலாதவாறு பிணைந்துவிட்டன. பாவலரிடத்தில் சொல் மண்ணுடையது, மெட்டு கொட்டகையுடையது; தம்பியிடத்தில் மெட்டு மண்ணுடையது, சொல் கொட்டகையுடையது. இரண்டையும் ஒருசேர ஒரு மேடையில் வைக்கும் நாள் அக்குடும்பத்துக்கு வாய்க்கவில்லை. இஃது எம் துணிபு, மறுப்போர் மறுக்கலாம்.

இசையைப் பற்றி இவ்வளவு எழுதுவது தகுமா என்று நம்முள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாம் ஓதிய மத்ரஸாவின் எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. 1980களில் அங்கே விடியற்காலையிலிருந்து இளையராஜாவின் பாட்டுத்தான். ஸர்பு பாடத்தின் வாய்பாடுகளை அந்தப் பாட்டின் தாளத்தோடு நாங்கள் அறியாமலே ஒப்பித்துக்கொண்டிருந்ததை எம் உஸ்தாத் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். அடி விழும் என்று நடுங்கினோம். அவர் சிறிது நேரம் கேட்டுவிட்டு, ரஜஸ் என்னும் யாப்பு ஒட்டகத்தின் நடையிலிருந்தும் அதனை ஓட்டுவோன் பாடிய ஹுதா என்னும் பாட்டிலிருந்தும் பிறந்ததாகச் சொல்வார்கள் என்று விளக்கிவிட்டு, கடைக்காரரிடம் போய்ப் பாடநேரத்தில் ஒலியைக் குறைக்கச் சொல்லி வந்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ஸமாஃ பற்றித் தனி நூலே வகுத்து, பாட்டு உள்ளத்தில் இல்லாததைப் புகுத்துவதில்லை, இருப்பதையே கிளப்புகிறது என்னும் கருத்தை விரித்துரைத்திருக்கிறார்கள். கருத்து வேறுபாடுள்ள மார்க்க அறிஞர்களும் உண்டு. அவர்களை நாம் மதிக்கிறோம். அவ்விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. தடுப்பவரும் விடுப்பவரும் ஒருசேரக் கவலைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் பள்ளத்தாக்கில் கலியாண வீட்டுப் பெண்கள் பாடிய பாட்டுகளும், முழுநிலவில் மூதாட்டியர் இராகமிட்டுப் படித்த கிஸ்ஸாக்களும், பக்கீர்கள் தாயிராவோடு பாடிய முனாஜாத்துகளும் எழுத்திலும் ஏறாமல் நாடாவிலும் ஏறாமல் மறைந்துகொண்டிருக்கின்றன. எம் பாட்டனாரின் தங்கை நூறு மஸ்அலாவை இராகத்தோடு ஒப்பிப்பார். அச்சுப் பிரதி இன்றும் கிடைக்கும். இராகம் அவரோடு கபுறில் இறங்கிவிட்டது.

காலம் மாறியிருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு முதன்முறையாக மேடையேறியது; இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசைஞர் தென்மாவும் சேர்ந்து திரட்டிய குழு. பறையும் கானாவும் மேலைநாட்டு மின்கித்தாரும் அங்கே ஒன்றாக ஒலித்தன. கூலியும் சாதியும் நேரடியாகப் பேசப்பட்டன. சொல்லும் மெட்டும் சொந்தம். சில இடங்களில் சொல் முழக்கமாகி இசை பின்தங்குவதை நாம் கவனித்தோம். ஆனாலும் பாவலர் விட்ட நூலின் முனையை யாரோ கண்டெடுத்துவிட்டனர் என்ற நிறைவு எழுந்தது. அவர்களுக்குப் பாவலரின் பெயர் எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது வேறு செய்தி.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. 2017இல் தம் பாட்டுகளை உரிமை பெறாமல் மேடையில் பாடலாகாது என்று எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அவர்களுக்கு இளையராஜா தரப்பில் வழக்கறிஞர் அறிவிப்புச் சென்றபோது தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. படைத்தவன் தன் உழைப்புக்கு உரிமை கேட்பது பேராசை என்று நாம் கருதவில்லை. கூலி கேட்பது தவறு என்று அக்குடும்பத்தில் எவரும் கற்கவுமில்லை. ஆனால் பிறர் மெட்டை எவர் அனுமதியும் கேளாமல் எடுத்து ஏழைகளுக்காகப் பாடிய அண்ணனின் நினைவு எமக்கு வந்ததை மறைக்கவும் இயலவில்லை. அன்றைய இசையமைப்பாளர்கள் அறிவிப்பு அனுப்பியிருந்தால் தேவிகுளத்தில் என்ன ஆகியிருக்கும்! நகைச்சுவையாகத்தான் சொல்கிறோம்; வழக்கறிஞர் எவரும் சினங்கொள்ள வேண்டா.

இளையராஜாவின் சிம்பொனி 2025 மார்ச்சு 8ஆம் நாள் இலண்டனில் அரங்கேறியது. பண்ணைப்புரத்திலிருந்து அவ்வரங்கம் வரையுள்ள தொலைவை எழுத இனி நூல்கள் பல வரும். அந்நூல்களை எழுதப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்னும் நோக்கத்தில் ஒரு வேண்டுகோள். 1950களிலும் 1960களிலும் பாவலர் குழுவின் மேடையை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். கம்பம், கூடலூர், சின்னமனூர், போடி ஆகிய ஊர்களிலும், மூணாறு, பீருமேடு மலைத் தோட்டங்களிலும் நம் உறவினர் பலர் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு, நினைவிலிருக்கும் அடி ஒன்றாயினும், சொல் மட்டுமோ மெட்டு மட்டுமோ ஆயினும், எந்த ஊரில் எந்த ஆண்டில் கேட்டது என்னும் குறிப்போடு இவ்விதழின் முகவரிக்கு எழுதியனுப்பினால் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். அப்படியே, அவ்வீட்டுப் பெண்மக்களுக்குத் தெரிந்த கலியாணப் பாட்டையும் அதே தாளின் பின்புறத்தில் எழுதிவிடலாம்.